மயிரிழை

மூன்று வாரமாகக் காலையில்
முன்டயரில் காற்று பாதிதான் இருந்தது.
குளிர் என்று நினைத்தேன்.
கோத்தகிரியில் எதற்கும் குளிரைச் சொல்லலாம்,
யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

டயரைக் கழற்றினால்
உள்விளிம்பில் பெயின்ட் பொரிந்து
அடியில் வெள்ளைப் பொடி.
உப்பு மாதிரி.
எழுபத்தேழில் இத்தாலியில் வார்த்த மெக்னீசியம்.
ஒரு விரலில் தூக்கலாம் அந்த வீலை,
அந்தப் பெருமைக்காகவே வாங்கிய வண்டி.

இரவுப் பணி. எக்ஸ்ரே அறையில்
நானும் என் கொட்டாவியும்.
கடைசியாக வந்தது ஒரு மணிக்கட்டு,
தேயிலைச் சரிவில் வழுக்கியது.
அவளை அனுப்பிவிட்டு
வீலைப் போர்வையில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன்.
நர்ஸ் எஸ்தர் பதிவேட்டைத் திறந்து
பேஷன்ட் பெயர் கேட்டாள்.
வயது நாற்பத்தெட்டு என்று மட்டும் சொன்னேன்.
பிலிமுக்குக் காசு நானே கட்டினேன்.

ஆரம் குடத்தில் சேரும் இடத்தில்
மயிரிழை.
தள்ளி, இன்னொன்று.
பதினேழு வருடமாக இதே கோட்டைக்
கணுக்காலில், விலாவில், குழந்தைகளின் முழங்கையில்
பார்த்து வருகிறேன்.
மாவுக்கட்டு போட்டால் கூடிவிடும் என்பார் டாக்டர்,
கூடிவிடும்.
இது கூடாது.

போன ஞாயிறு இதை வைத்துக்கொண்டுதான்
மஞ்சூரிலிருந்து முள்ளிக்கு இறங்கினேன்.
நாற்பத்து மூன்று கொண்டை ஊசி.
ஒவ்வொன்றிலும் முழு உடம்பையும் சாய்த்து,
விசில் வேறு.

பொலோனாவில் ஒருவரிடம் ஒரு ஜோடி இருந்தது.
பெட்டியே பிரிக்கவில்லையாம்.
பெட்டிக்குள்ளும் வருடம் ஓடும்தானே.
வெள்ளக்கிணற்றில் வார்ப்படம் வைத்திருக்கும் கிருபாகரன்
"அச்சு எடுத்து அப்படியே ஊத்திக் குடுத்தர்றேன்,
உங்களுக்கே வித்தியாசம் தெரியாது" என்றார்.
உள்ளே குமிழி இருந்தால்?
"பெயின்ட் அடிச்சா மூடிக்கும் சார்."

கடைசியில் கம்பி வீல்.
அலுமினியத் தண்டைக் கடைந்து குடம்,
பக்கத்துக்கு இருபது கம்பி.
உக்கடத்தில் மஸ்தான் கோத்தார்.
ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டி
ஒரே சுருதி வரும்வரை
இரண்டு டீயை ஆறவிட்டார்.
"பாக்க சைக்கிள் மாதிரிதான் இருக்கும்.
ஆனா ஒண்ணு லூசானா கத்தும்.
உங்க பழசு கத்தாது.
நேரா போயிரும்."

பெங்களூரிலிருந்து பெள்ளியப்பா போன் செய்தார்.
பழைய வீல்களுக்கு அவர் சொன்ன தொகையில்
புதுசுக்கு ஆன செலவு போக
எஸ்தருக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கலாம்.
கீறல் இருக்கிறது என்றேன்.
"ஷோவுக்குத்தான். ஓட்ட மாட்டேன்."
அவர் ஓட்ட மாட்டார்.
அவர் விற்பார். வாங்கியவர் விற்பார்.
வீல் கைமாறும்,
கீறல் என்ற சொல் எங்கோ நடுவில் நின்றுவிடும்.
இன்னும் லைசென்ஸ் எடுக்காத ஒரு பையன்
ஏதோ ஒரு மழை நாளில்
ஏதோ ஒரு வளைவில் சாய்வான்.
எக்ஸ்ரே எடுக்கும் அளவுக்கு அவனிடம்
மிச்சம் இருக்க வேண்டுமே.

சனிக்கிழமை ரம்பத்தை எடுத்தேன்.
மெக்னீசியத் தூள் பற்றிக்கொள்ளும், தண்ணீருக்கும் அணையாது.
பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல்.
சூடேறாமல், மெதுவாக,
வீலுக்கு ஒரு ஆரம் வீதம்
குறுக்கே அறுத்துப் போட்டேன்.
இனி எந்தப் பெயின்டும் மூடாது.
தோள் இரண்டு நாள் வலித்தது.
பெள்ளியப்பா இன்னும் பேசவில்லை.

முள்ளிப் பக்கம் இன்னும் போகவில்லை.
கட்டபெட்டு வரை ஓட்டித் திரும்பினேன்.
வண்டி கனத்துவிட்டது,
திருப்பத்தில் கொஞ்சம் யோசிக்கிறது.
யோசிக்கட்டும்.

இன்று காலை புல்லெல்லாம் உறைபனி.
காற்று இறங்கவில்லை.